சம்பந்தியின் செருப்பில் மலாக்கா

என் மனைவி சிவகாமி என்னை மலாக்காவுக்கு அனுப்பியது கோட்டை பார்ப்பதற்காக அல்ல. ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல், அங்கே இருந்த மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தேன். இடையில் சில பொய்களும் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டியவன் பொய் சொன்னால் ஞாபகசக்தி குறைவு என்று மற்றவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். என் ஞாபகசக்தி நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் மலர் திருமணமாகிப் போனது மலாக்கா மாநிலத்தில் பெம்பான் என்ற சிற்றூருக்கு. ஐந்து மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். வயிறு இன்னும் பெரிதாகிவிட்டால் விமானத்தில் ஏற்ற யோசிப்பார்கள். ஆகவே நான் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் மஞ்சள் வைத்து, சம்பந்தி வீட்டாரிடம் முறைப்படி பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்டு, மன்னார்குடிக்குக் கையோடு அழைத்து வர வேண்டும். சிவகாமிக்குக் கண்ணில் புரை எடுத்த புதிது, பயணம் கூடாது. அவள் அம்மா கொடுத்த பித்தளைத் தாம்பாளத்தைத் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"போன உடனே கேட்டுடுங்க. ஒரு நாள் தள்ளினீங்கன்னா நீங்க கேக்கவே மாட்டீங்க" என்றாள். என்னை நன்றாக அறிந்தவள்.

சம்பந்தி பெரியசாமி முன்பு எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டியவர். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எங்கள் இருவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் மனம் கோணக் கூடாது. ஒரே வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நல்லது. இருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் நாள் காலையே ஓர் உதாரணம் கிடைத்தது.

அந்த நாட்டில் வீட்டு வாசலில் ஒரு கடை வைக்கும் அளவுக்குச் செருப்புகள் கிடக்கும். காலையில் குளித்து, தாம்பாளத்தைத் தயார் செய்துகொண்டு, "சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மொத கோட்டை சம்பந்தி. ஹிஸ்டரி வாத்தியாரு வந்துட்டு கோட்டை பாக்காம வீட்ல குந்தியிருந்தா நம்மள நாலு பேரு என்னா நெனப்பான்? ஸ்கூல் லீவு, வேன் சும்மாதானே கெடக்குது. வாங்க லா." வாக்கிய முடிவில் ஒரு லா போடுவது அந்த ஊர்ப் பேச்சு.

அவர் அவசரத்தில் ஒரு ஜோடி கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மிஞ்சிய கறுப்புச் செருப்பை நான் மாட்டிக்கொண்டேன். பத்து அடி நடந்ததும் தெரிந்துவிட்டது. என் குதிகால் வெளியே தொங்கியது, வார் மேற்பாதத்தை நெரித்தது. முன்னால் போனவரின் காலில் என் செருப்பு டப் டப் என்று அடித்துக்கொண்டு போனது. கூப்பிட்டுச் சொல்லலாம். ஆனால் முதல் நாள் காலையில் சம்பந்தியைப் பார்த்து, "நீங்கள் போட்டிருப்பது என் செருப்பு" என்று எப்படிச் சொல்வது? மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று வேனில் ஏறினேன்.

பள்ளி வேன் என்பதால் இருக்கைகள் எட்டு வயதுப் பிள்ளைகளின் முட்டிக்கு ஏற்றவை. ஒவ்வோர் இருக்கையின் பின்னாலும் வாந்தி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பை. கதவு உள்ளே இருந்து திறக்காது, பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு. சம்பந்தி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்துத் தலைகளை எண்ணினார். "எல்லாரும் ஏறியாச்சா? யாருக்காச்சும் ஒண்ணுக்கு வருதா?" என்றார். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஆசிரியராக இருந்தவனுக்கும் பழக்கம் இருக்கிறதே.

மலரும் சம்பந்தியம்மா இந்திராணியும் நடுவில். கடைசி வரிசையில் மாப்பிள்ளை சரவணன் நீட்டிப் படுத்திருந்தான். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. காலையில் வீட்டுக்கு வந்தவனைக் குடும்பம் சுற்றுலா போகிறது என்று அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்கள். இந்தப் பயணத்தில் அவன் பார்த்த ஒரே காட்சி வேனின் கூரை.

மலாக்கா நகரத்தின் புகழ்பெற்ற கோட்டையைப் போர்த்துகீசியர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் இடித்தார்கள். மிஞ்சியது ஒரு வாசல். அவ்வளவுதான். சுற்றிலும் சுவர் இல்லை, உள்ளே வீடு இல்லை, வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. நான் பல வருடங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கோட்டையைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். நாலு மூலையிலும் கொத்தளம் போட்டு, அகழி வெட்டி, அகழியில் முதலைகூட விட்டிருக்கிறேன்.

"எப்படி சம்பந்தி?" என்றார் பெரியசாமி, தானே கட்டியதுபோல.

"பிரமாதம்" என்றேன். உண்மையில் எனக்குக் கோட்டைகளைப் பிடிக்காது. படிகள் அதிகம். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் என் மீதிப் பயணம் முழுவதும் கோட்டை ஆகிவிட்டது.

வாசலைச் சுற்றி வந்ததும் அவர் என்னைப் பேச்சாவில் ஏற்றினார். பேச்சா என்பது மூன்று சக்கர மிதிவண்டி. அங்கே அதை மிட்டாய்க் கடைபோல ஜோடித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது முழுக்க ரோஜா நிறம். உச்சியில் ஒரு பெரிய பொம்மைப் பூனை, பக்கங்களில் பிளாஸ்டிக் பூ, சீரியல் விளக்கு. இரண்டு கிழவர்கள் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்தோம். என் மடியில் மஞ்சள் பை. இதுதான் சமயம், வேறு யாரும் இல்லை என்று, "சம்பந்தி, மலர் விஷயமா..." என்று ஆரம்பித்தேன். ஓட்டிய மலாய்க்காரர் நாங்கள் தமிழர்கள் என்று கண்டுகொண்டு, எங்களை மகிழ்விக்கத் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பெருத்த சத்தத்தில் வைத்தார். ஒரு சீனச் சுற்றுலாக் கூட்டம் நின்று எங்களைப் படம் எடுத்தது. புதுமணத் தம்பதியைப் படம் எடுப்பதுபோல ஒரு பெண்மணி எங்களை இன்னும் நெருங்கி உட்காரும்படி கைகாட்டினார். நெருங்கி உட்கார்ந்தோம்.

பிறகு குன்றின் மேல் இன்னொரு கோட்டை. அங்கே பீரங்கிகள் கடலைப் பார்க்காமல் ஊரைப் பார்த்து நிற்கின்றன.

"எதிரி கடல்லேர்ந்து வருவான்னுதானே நெனப்போம்? ஒல்லாந்தனுக்கு நெலத்துலேர்ந்து வர்றவன் மேலதான் பயமாம்" என்றார் சம்பந்தி. சொல்லிவிட்டு என் கையிலிருந்த மஞ்சள் பையை ஒரு முறை பார்த்தார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வீடு திரும்பிக் கால் கட்டைவிரல் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சிவகாமி அழைத்தாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக் காலை கேட்கத்தான் போகிறேன், ஒரு ராத்திரி முன்கூட்டிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

"என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க."

"ரெண்டு பேருமா? உடனேயா?"

"உடனே."

சிவகாமி அடுத்த நிமிடமே மகளை அழைப்பாள் என்பதை நான் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மலர் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு மாமா சரின்னுட்டாராமே?"

"ஆமாம்மா."

"அத்தை?"

"அவங்களும்தான்."

"இருக்கட்டுமே, இங்கியே பாத்துக்கறோமேன்னு ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?"

"ஒரு வார்த்தைகூட இல்லை" என்றேன், அது நல்ல செய்தி என்று நினைத்து.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பெண்ணைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக் கொடுத்தவனுக்கு அவள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலைப் பசியாறலுக்கு ஒரு கடையில் ரொட்டி சானாய். நம்மூர்ப் புரோட்டாவின் வெளிநாட்டுத் தம்பி. இன்னும் மெல்லியது, பருப்புக் குழம்போடு தருகிறார்கள். தேநீரை ஆற்றி நுரை கட்டி இழுத்துத் தருவதற்கு அங்கே தே தாரேக் என்று பெயர். நான் அதை "பிரமாதம்" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு என் கிளாஸ் காலியாகவே இல்லை. ஒன்றைக் குடித்து முடிக்கும்போது அடுத்தது வந்தது. சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னால் இத்தனை நேரம் வாங்கித் தந்த சம்பந்தியின் மனம் என்ன பாடுபடும்?

மலர் எதுவும் சாப்பிடவில்லை. "உனக்கு ரொட்டி தீசு, அந்தக் காயிதம் மாதிரி மொறுமொறுன்னு இருக்குமே, சீனி போட்டுச் சொல்லட்டா?" என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு, "வேணாங்க" என்றாள். அதுவரை "வேணாம் அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். வேனிலும் நடு வரிசையை விட்டுவிட்டுக் கடைசியில், தூங்கும் கணவனின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று நாட்டுப்புறம். ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் வேன் போனது. தஞ்சாவூர் வயலில் நின்றால் அடிவானம் தெரியும். இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே வரிசை. சம்பந்தி பிறந்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்களாம். வேனை நிறுத்தி ஒரு மரத்தைக் காட்டினார்.

"இங்கதான் சம்பந்தி நான் பொறந்தேன்."

பயபக்தியோடு அந்த மரத்தைப் பார்த்தேன்.

"இல்ல, அந்த மரம்" என்றார் கொஞ்சம் யோசித்து.

அதையும் பார்த்தேன்.

"நேத்து சொந்தக்காரங்கள கூட்டியாந்தப்ப வேற மரத்தக் காட்டினீங்க" என்றார் சம்பந்தியம்மா.

"நேத்து ஏதுடி? அது போன வருசம்."

"மரம் நடக்குமா?"

தோட்டத்தின் மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே இருந்தது. நான் மஞ்சள் பையோடு இறங்கினேன். கோயில் மண்டபத்தில் கேட்டுவிடுவது என்று தீர்மானம். சாமி முன்னால் கேட்டால் என்னாலும் நழுவ முடியாது. வாசலில் ஒதுங்கித் தாம்பாளத்தைத் துடைத்து, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் எல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். பூசாரி எதிரில் நின்றார். தட்டை வாங்கிக்கொண்டார். "யார் பேருக்கு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி ஓடி வந்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "பாத்தியா இந்திராணி! சம்பந்தி ஊர்லேர்ந்து தட்டு கொண்டாந்திருக்காரு, நம்ம தோட்டத்து மாரியம்மாளுக்கு! ஐயரே, எல்லார் பேருக்கும் சொல்லுங்க!"

எல்லார் பெயருக்கும் அர்ச்சனை நடந்தது. வேனில் தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நட்சத்திரம்கூடச் சொல்லப்பட்டது. திரும்பி வந்த தட்டில் குங்குமமும் கோயிலில் உடைத்த தேங்காய் மூடியும். சாமிக்கு வைத்ததை எடுத்து மனிதரிடம் நீட்டி, பெண்ணை அனுப்புங்கள் என்று கேட்க முடியுமா? தட்டைப் பையில் வைத்தேன். மலர் ஒரு தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அனுப்பச் சம்மதித்ததற்கு நான் நன்றிக்கடன் செலுத்துகிறேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். பிறகு அவளே சொன்னாள்.

திரும்பும் வழியில் வேன் சேற்றில் மாட்டியது. சம்பந்தி இறங்கித் தள்ள, என் பெரிய செருப்பு அவர் காலைவிட்டுச் சேற்றில் தங்கிவிட்டது. அதைத் தோண்டி எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சொந்தச் செருப்பைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையாகக் கழுவ மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குலை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, சின்ன இருக்கைகளில் முட்டி தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார்.

"என்னா பெரியசாமி அண்ணே, உங்க ஸ்கூல் பிள்ளைங்க எல்லாம் பாஸாவாம ரொம்ப வருசமா அதே கிளாஸா?"

"டேய், எங்க சம்பந்திடா! இந்தியாவுலேர்ந்து வந்திருக்காரு. கயிறு போடு மொத."

லோரி எங்களை இழுத்து விட்டது. அந்தக் களேபரத்தில் சம்பந்தியம்மா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, மலரு ஏன் ஒரு மாதிரி இருக்கா? நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டனா? நேத்துலேர்ந்து என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறா. சோறு ஊட்டினாக்கூடச் சாப்புடும் அது, தெரியுமா?"

"வெயில்தான். வேற ஒண்ணுமில்லை" என்றேன்.

மழைக்கால மேகம் கவிந்து கிடந்தது. அந்த அம்மாள் வானத்தை ஒரு முறை பார்த்தார்.

சம்பந்தி இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்: மருமகளுக்குச் சுற்றுலா போதவில்லை. "கடலுக்குப் போவம். அங்கயும் ஒரு கோட்டை இருக்கு சம்பந்தி" என்றார், எனக்கு ஆறுதலாக.

ஆகவே மூன்றாம் நாள், தெங்கேராவின் பழைய கடைவீதியில் காலை ஆகாரம் முடித்துக்கொண்டு கடலோரமாக வடக்கே போனோம். நாகப்பட்டினத்துக் கடலுக்கு ஓர் இரைச்சல் உண்டு. இந்தக் கடல் தூங்குகிற கடல். கோலா லிங்கியில் ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு குன்று, அதன்மேல் ஒல்லாந்தர் கோட்டை. சம்பந்தியும் நானும் மட்டும் ஏறினோம். முன்னால் அவர் டப் டப் என்று, பின்னால் நான் நொண்டி நொண்டி. மேலே முட்டி உயரத்துக்குச் செங்கல் நிறக் கற்சுவர் ஓடியது. அதுதான் கோட்டை. அதன்மேல் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டோம்.

கீழே மரத்தடியில் வேன் தெரிந்தது. பக்கத்தில் மலர் நின்றிருந்தாள். சம்பந்தியம்மா பிளாஸ்கிலிருந்து எதையோ மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினார். மலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு அதை மறுபடி பிளாஸ்கிலேயே ஊற்றி மூடினார். ஒரு சொட்டும் சிந்தாமல், மெதுவாக.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் சும்மா ஒரு "சரி"யைத் தூக்கிப் போட்டேன். அது அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது.

"சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பெரியசாமி. "மலரக் கூட்டிப் போவத்தானே வந்திருக்கீங்க? வழக்கம் அதான், தெரியும். நீங்க கேட்டா நான் இல்லேங்க முடியாது. ஆனா இந்திராணி ரூமுக்கு சாயம் அடிச்சி, தொட்டிலுக்கு ஸ்பிரிங் வாங்கி மாட்டி வெச்சிருக்கா. எனக்குப் பொண்ணு இல்ல பாருங்க. அதான் நீங்க வாயத் தொறக்கறப்பல்லாம் உங்களக் கோட்டை கோட்டையா இழுத்துக்கிட்டுப் போனேன். எனக்கு இந்தக் கல்லுங்கள எல்லாம் பாக்கவே புடிக்காது."

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அவர் சொல்லிவிட்டார், நானும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய ஈரக் கண்களைப் பார்த்துக்கொண்டு, "நான் ஏற்கெனவே உங்கள் பெயரில் சம்மதம் சொல்லிவிட்டேன்" என்று எப்படிச் சொல்வது? வாயிலிருந்து வந்தது வேறு.

"சேச்சே, நான் எதுவும் கேக்க வரலை சம்பந்தி. மலர் இங்கயே இருக்கட்டும்."

அந்தப் பயணத்தில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இறங்கும்போது என் செருப்பை மாட்டிக்கொண்டு பையன்போல ஓடினார்.

கோலா சுங்கை பாரு மீனவர் ஊர். கரையோரம் ஒரு மலாய்ப் பெண்மணியின் சுட்ட மீன் கடை. பெரிய கெளுத்தி மீனை மசாலா தடவி வாழையிலையில் வைத்துச் சுட்டார். எங்கள் மீனுக்குக் கொள்ளும் தட்டு அவரிடம் இல்லை. "தட்டுத்தானே? சம்பந்திகிட்ட இருக்கே!" என்று பெரியசாமி என் பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்துக் கழுவிக் கொடுத்துவிட்டார். மூன்று தலைமுறையாகச் சீர் வைத்த தாம்பாளத்தில் மீன் வால் வெளியே தொங்க வந்து அமர்ந்தது.

சம்பந்தி எழுந்து நின்றார். "இந்திராணி! கேட்டியா? சம்பந்தி மலர இங்கயே விட்டுட்டுப் போறாராம்! பிரசவம் நம்ம வீட்லதான்!"

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மலர் என்னைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, என்னை அனுப்பறதுக்கு நீங்கதான் அன்னிக்கே சரின்னுட்டீங்கன்னு அப்பா சொன்னாரே?"

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது.

"ஆமாம்மா" என்றார். "நான்தான் சொன்னேன். மறந்துட்டேன்."

"என்னாங்க?" சம்பந்தியம்மாவின் குரல் உடைந்தது. "நம்ம மருமவள அனுப்பறதுக்கு என்னைய ஒரு வார்த்தை கேக்காம சரின்னுட்டீங்களா? ரூமுக்கு சாயம் அடிச்சப்பகூடப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என் பொய்யைத் தன் மேல் போட்டுக்கொண்டு, கட்டிய மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். எனக்காக. மரியாதைக்காக. காலில் என் செருப்பு வேறு.

"அவர் சொல்லலை" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "அவர் எதுவும் சொல்லலை. நான் கேக்கவே இல்லை. சிவகாமிகிட்ட பொய் சொன்னேன். மலர்கிட்ட பொய் சொன்னேன். மேலே கோட்டையில சம்பந்திகிட்டயும் பொய் சொன்னேன். கேக்கத்தான் வந்தேன். தைரியம் இல்லை."

மலர்தான் முதலில் அசைந்தாள். என்னிடம் வரவில்லை. மேசையைச் சுற்றிப் போய் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்த பிளாஸ்க்ல என்னா இருக்கு?"

"பாலு. ஆறிப் போயிருக்கும்டா."

"பரவால்ல, குடுங்க."

குடித்துக்கொண்டே அழுதாள். "பிரசவம் எங்கன்னு எனக்கு ஒண்ணுமில்லப்பா. போன்னா போறேன், இருன்னா இருக்கேன். இருக்கட்டுமேன்னு இவங்க ஒரு வார்த்தை சொல்லலையேன்னுதான் ரெண்டு நாளா..." முடிக்கவில்லை. சம்பந்தியம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். மிளகாய் மசாலா பட்ட கை. மலர் இன்னும் அதிகமாக அழுதாள். பிறகு இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது வேனின் ஜன்னலைத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்து கதவைத் திறக்க முடியாத மாப்பிள்ளை. திறந்துவிட்டதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான்.

"கோட்டை வந்திருச்சா?"

அந்த நேரம் பார்த்துச் சிவகாமி முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் வந்தாள். மலர் போனை என் பக்கம் திருப்பாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சிவகாமி திரையை நெருங்கினாள்.

"மேசையில என்னடி அது? எங்கம்மா தாம்பாளம் மாதிரி இருக்கு?"

நான் சொன்னேன். உண்மை சொல்லத் தொடங்கிவிட்டேன் அல்லவா? "ஆமா. மீன் வெச்சிருக்கோம்."

அவள் என்னிடம் பேசவில்லை. சம்பந்தியம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். இரண்டு பெண்களும் கடலோரம் நடந்துகொண்டே கொஞ்ச நேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது முடிவாகியிருந்தது: மலர் பெம்பானிலேயே இருப்பாள். கண் தேறியதும் சிவகாமி அங்கே போய்ப் பிரசவம் பார்ப்பாள். நாங்கள் மூன்று நாட்கள் கோட்டை கோட்டையாகச் சுற்றியும் முடியாததை அவர்கள் மீன் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

மீனைச் சாப்பிட்டோம். பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். கொஞ்சம் உப்பு அதிகம்.

மனம் லேசாகிவிட்ட உற்சாகத்தில், மிச்சமிருந்ததையும் சொல்லிவிடுவது என்று சம்பந்தி பக்கம் திரும்பினேன். "இன்னொண்ணும் இருக்கு. மூணு நாளா நான் போட்டிருக்கறது உங்க செருப்பு."

"தெரியும் சம்பந்தி. வேன்ல ஏறினப்பவே தெரியும். உங்க காலுக்கு நல்லா இருந்துச்சு. அதான் கேக்கல."

"வாங்கிக்கங்க."

"ஐயோ, வேணாம் லா. உங்களுக்கு வசதியா இருந்தா வெச்சிக்குங்க. வசதியாதானே இருக்கு?"

எத்தனையோ உண்மைகளைச் சொல்லி முடித்த மத்தியானம் அது. இன்னும் ஒன்று சொல்லியிருக்கலாம்.

"ரொம்ப வசதி" என்றேன்.

அந்தச் செருப்போடுதான் மன்னார்குடி வந்து சேர்ந்தேன். தனியாக. மலர் வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தாள், ஆனால் அதிகம் பேசவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. கண் தேறிய சிவகாமி புறப்பட்டுப் போனாள். தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் தன் கையோடு எடுத்துப் போனாள், என்னிடம் விட்டுப் போகவில்லை. நான் இங்கே ரசம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, வாசலுக்குப் போகும்போதெல்லாம் சம்பந்தியை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பேத்தி பிறந்துவிட்டாள். போன வாரம் மலர் ஒரு படம் அனுப்பினாள். சம்பந்தி வீட்டு வாசலில் நின்றுகொண்டு குழந்தையை ஏந்தியிருக்கிறார். கீழே மலர் எழுதியிருந்தாள்: "அப்பா, மாமாவுக்குப் புதுச் செருப்பு வாங்கித் தரேன்னா வேணவே வேணாங்கறாரு. நீங்க எதாவது சொன்னீங்களா? உண்மையைச் சொல்லுங்க."

உண்மையைச் சொல் என்று மகள் கேட்டபின் என்ன செய்வது? எழுதினேன்: அது என் செருப்பு. அவருக்குப் பெரிது. அவருடையது எனக்குச் சிறிது, கடிக்கிறது, முதல் நாளிலிருந்தே கடிக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடு.

கொஞ்ச நேரத்தில் சம்பந்தியே அழைத்தார். பதறிப்போயிருந்தார்.

"கடிக்குதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே சம்பந்தி! நான் என்னா நெனச்சிக்கப் போறேன்?"

"நீங்களும் பெரிசா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே?"

"எனக்கா? சேச்சே! அளவெடுத்துத் தெச்ச மாதிரில்ல இருக்கு!"

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழந்தை அவர் மார்பில் கண்மூடிக் கிடந்தது. அவர் குதிகாலுக்குப் பின்னால் என் செருப்பு இரண்டு விரற்கடை நீண்டிருந்தது.